நீர் மாத்திரையும் ஒரு துண்டு சாக்பீஸும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்குக் கையெழுத்தும் தெரியாது. அதனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பக்கம், ஒரு பெரிய ஏரிக்குக் கீழே இருக்கிறது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். அந்த வருடம் ஐப்பசி மழையில் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சேற்றிலேயே நிற்பதால் வந்தது என்றார்கள். ஆனால் வீக்கம் பாதத்தோடு நிற்கவில்லை, முழங்கால்வரை ஏறியது. பெருவிரலால் அழுத்தினால் அந்த இடத்தில் குழி விழும். குழி மேலே எழும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் எண்ணுவேன். எனக்கு அது விளையாட்டு. அம்மாவும் சிரித்துக்கொண்டே இன்னொரு காலை நீட்டுவாள்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் நாலு எட்டு நடந்து நிற்பாள். நைனா மில்லுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். திரும்பி வந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னார், "இருதயம் வீக்கா கீதாம். ஒடம்புல நீர் தங்கிப்போச்சாம். மாத்திர குடுத்துக்கீறாங்க."

மூன்று காகிதப் பொட்டலங்கள். ஒன்றில் மஞ்சள் மாத்திரை, ஒன்றில் பெரிய வெள்ளை, இன்னொன்றில் சின்ன வெள்ளை. சின்னதுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். அதுதான் நீர் மாத்திரை. அந்தப் பொட்டலத்தின்மேல் கம்பவுண்டர் 'காலை உணவுக்குப் பின் 1' என்று எழுதியிருந்தார். வீட்டுக்கே படித்துக் காட்டினேன். அதிலிருந்து ஒரு எழுத்தும் மாறாமல் நடத்தினேன். எட்டு மணிக்கு அம்மா கூழ் குடித்து முடித்ததும், ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தம்ளரில் தண்ணீருமாகப் போய் நிற்பேன். வாயில் போட்டு விழுங்கும்வரை நகர மாட்டேன்.

ஒரு வாரத்தில் அம்மாவின் கால் பழைய கால் ஆகிவிட்டது. இறுகிக் கிடந்த மெட்டி தானாகக் கழன்று விழுந்தது. இரவில் படுத்துத் தூங்கினாள். சட்டைப் பொத்தான் அளவே இருந்த மாத்திரை இத்தனையும் செய்ததில் எனக்கும் பங்கு இருப்பதுபோல் நான் திரிந்தேன்.

ஆனால் அந்த மாத்திரை நீரை எங்கே அனுப்பும்? போட்டுக்கொண்ட அரை மணி நேரத்தில் அம்மா ஒன்றுக்குப் போக வேண்டும். போய்விட்டு வந்தால் மறுபடியும். பதினோரு மணிக்குள் நான்கு, ஐந்து தடவை.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பின்சுவரை ஒட்டியே பால் சொசைட்டி இருந்தது. காலையில் அங்கே கேனும் சொம்புமாக ஆம்பிளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். ஊரில் பெண்கள் விடியற்காலை இருட்டில் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை, நாலைந்து பேராகச் சேர்ந்து ஏரிக்கரைப் பக்கம் போவார்கள். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்வார்கள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள், அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. நீர் மாத்திரை போட்டவளால் அடக்க முடியாது.

அது நவரைப் பட்டத்து நெல் நடவு நேரம். எட்டு மணிக்குத் தெருவில் ஒரு பெண் இருக்க மாட்டாள். நைனா விடியற்காலை முதல் பஸ்ஸில் மில்லுக்குப் போய்விடுவார். அம்மாவுக்குத் துணைக்கு நான்தான். அந்த வருடம் ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலும் வழிந்திருந்தது. வழக்கமாகப் பெண்கள் ஒதுங்கும் இடமெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. மிச்சம் இருந்தது கரையோரத்து வேலிக்காத்தான் புதர் ஒன்றுதான். அதுவோ பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி.

அம்மா புதருக்குப் பின்னால் போவாள். நான் கரைமேல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். யாராவது ஆம்பிளை வந்தால் இருமவேண்டும். முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பையன்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பால் சொசைட்டிக்காரர் மகன் என் வகுப்புதான். அவனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு நாள் என் எதிரில் வந்து நின்றார்கள்.

"இன்னாடா வாச்மேன், இன்னிக்கு எத்தினி டிரிப்பு?"

நான் ஏரியைப் பார்த்தேன்.

"வாய தொறக்கமாட்றான் பாரு. டியூட்டில கீறான். டேய், எங்க ஆடுகூட ஒண்ணுக்குப் போவணுங்குது, சீட்டு கிழிச்சுக் குடுடா."

சிரிப்பு அடங்குவதற்குள் புதருக்குப் பின்னால் அம்மா எழுந்து நின்றாள். ஓடிவிட்டார்கள். அம்மா புடவையை உதறிக்கொண்டு கரைமேல் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"மணி அடிச்சிட்டாங்க. நீ போ. நான் மெதுவா வூட்டுக்குப் போய்க்கறேன்."

அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் நான் கரைமேல் நின்றேன். வகுப்பில் யாராவது ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், பின் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். எனக்குக் கோபம் அவர்கள்மேல் வரவில்லை. அம்மாமேல் வந்தது. இத்தனை தடவை போகிற அம்மா வேறு யாருக்கும் இல்லையே என்று வந்தது. அதை எழுத இப்போதும் கை கூசுகிறது, ஆனால் வந்தது அதுதான்.

சாக்பீஸ் யோசனை எனக்குத் தானாகத் தோன்றியது. கரும்பலகைக்குக் கீழே துண்டு சாக்பீஸ்கள் கிடக்கும். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல் பிளேடால் குறுக்கே ஒரு வில்லை நறுக்கினால் அதே அகலம். முதல் இரண்டும் பொடிந்துவிட்டன. மூன்றாவதைக் கொஞ்சம் தடிமனாக நறுக்கி, ஓரங்களைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கினேன். பிளேடு முனையால் நடுவில் கோடும் இழுத்தேன். பொட்டலத்து மாத்திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. படிப்பில் நான் சுமார்தான். அந்த வருடம் நான் ஒழுங்காகச் செய்த கைவேலை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை பொட்டலத்தைப் பிரித்து நிஜ மாத்திரையை டவுசர் பையில் போட்டுக்கொண்டு, சாக்பீஸ் வில்லையை அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை ஏறி இறங்கியது. தம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"போவலையாம்மா?"

"இன்னிக்கு வரல போலக்கீது," என்றாள். சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ கெளம்பு கண்ணு. பசங்களோட சேர்ந்தே போ."

ஓடினேன். கரைமேல் அந்தப் பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "இன்னாடா, இன்னிக்கு லீவா?" என்றான் சொசைட்டிக்காரர் மகன். ஆமாம் என்றேன். அவர்களோடு கல் எறிந்துகொண்டே போனேன். பையிலிருந்த மாத்திரையையும் கல்லோடு கல்லாக ஏரிக்குள் எறிந்தேன். இத்தனை சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே செய்திருப்பேன் என்று நினைத்தேன்.

அதுமுதல் தினம் ஒரு வில்லை.

நான்காம் நாள் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது கணுக்காலில் கொலுசு அழுந்திய தடம் இருந்தது. நான் விரலால் அழுத்திப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் குழி விழாது என்று நினைத்தேனோ என்னவோ. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது, கரைமேல் ஒருவரும் வரமாட்டார்கள். இன்றைக்கு நிஜ மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு பயம் வந்தது. இன்றைக்கு மட்டும் நீர் போனால், ஐந்து நாள் ஏன் போகவில்லை என்று அம்மா யோசிப்பாளே? நைனாவிடம் சொல்வாளே? லாந்தர் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டதற்கே நைனா மாட்டுக் கயிற்றால் அடித்தது முதுகில் ஆறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாக்பீஸை எடுத்தேன். முதல் ஐந்து நாள் செய்ததற்குப் பையன்களைச் சொல்லலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு யாரையும் சொல்ல முடியாது.

எட்டாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தாள். நடவிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, மூஞ்சி பூரி கணக்கா உப்பிக்கினு கீது. மாத்திர போட்றியா, இல்ல பரண்மேல பத்திரமா வச்சிக்கினு கீறியா?"

"போட்டுக்கினுதான் கீறேங்க்கா. புள்ள ஒரு வேள தவறவுட மாட்டான்."

"அப்போ அந்த டாக்டரு டூப்பு. என் மச்சாண்டாருக்கும் இப்படித்தான், மாவக் குடுத்து அனுப்பிட்டான் ஒருத்தன்."

நான் மூலையில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான சிலேட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா இரவில் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். நைனா பக்கத்தில் விசிறிக்கொண்டு இருப்பார். நாளைக்கு நிஜத்தைக் கொடுத்துவிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன். காலையில் எழுந்தால் அந்தப் பயம் எனக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருக்கும். பதினோராம் நாளும் சாக்பீஸைத்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் விடியும்போது நைனா போட்ட சத்தத்தில் எழுந்தேன். அம்மாவுக்கு உதடு நீலமாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு சத்தம். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. நைனா சுற்றிக்கொண்டு பால் சொசைட்டிக்கு ஓடினார். பால் வண்டி கேன் ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. சொசைட்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஏற்றிய கேன்களை இறக்கச் சொன்னார்.

"தூக்கி ஏத்துய்யா முதல்ல. பால் திரிஞ்சா திரிஞ்சிட்டுப் போவுது."

அவர் மகன் எங்கிருந்தோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து நாலாக மடித்து வண்டியில் விரித்தான். அதன் பிறகு அவன் என்னை வாச்மேன் என்று கூப்பிட்டதில்லை.

டாக்டர் வீட்டு முன்னறையில் இரண்டு கட்டில் இருந்தன. அம்மாவை உட்காரவைத்து ஊசி போட்டார்கள். நர்சம்மா ஒரு போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே பாத்திரம் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. அம்மா கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் பொட்டலங்களைக் கேட்டு வாங்கினார். சின்ன வெள்ளை மாத்திரைகளை மேசைமேல் கொட்டிப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரியா இருக்கு. போட்டிருந்தா இப்படி நீர் ஏறாதே. யாரு எடுத்துக் குடுக்கிறது?"

"பையன் சார்," என்றார் நைனா. "வூட்ல அவன்தான் படிச்சவன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முந்தின நாள் இரவே செய்துவைத்த வில்லை என் டவுசர் பையில் இருந்தது. பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"ஏண்டா, தினம் குடுத்தியா?"

நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அவன் கரெக்டாதான் சார் குடுத்தான்," என்றாள் அம்மா. குரல் உள்ளே போய் வந்தது. "நான்தான் துப்பிட்டேன்."

"துப்பிட்டியா?"

"நாக்குக்கு அடியில வச்சிக்கினு, அவன் அந்தண்ட போனதும் துப்பிடுவேன். அடிக்கடி வருது சார். போறதுக்கு எடமில்ல."

நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். "புள்ள ஒயுங்கா எடுத்துக் குடுக்குது, துப்பிக்கினு கீறியா நீ? உசுரோட வெளாட்டா? அந்தப் புள்ளைக்கு இருக்கற அறிவு ஒனக்கு இல்லியே," என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார். அம்மா போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நைனாவின் பக்கத்தில் நின்றேன். என் தலைமேல் அவர் கை இருந்தது.

நர்சம்மாதான் நடுவில் புகுந்தாள். "எங்கம்மா போவே நீ?"

"ஏரிக்கரைக்கு."

"அப்பறம் எதுக்கு எட்டு மணிக்குப் போடறே? விடியகாலம் நாலு மணிக்கு ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டுப் போட்டுக்க. மத்த பொம்பளைங்களோட இருட்டோட இருட்டா போய்ட்டு வந்துடு."

டாக்டர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். இரண்டு மாதமாக யாருக்கும் தோன்றாத யோசனை. காலை உணவுக்குப் பின் என்று நான் படித்துக் காட்டியதை மீறலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வெளியே வந்து, பையிலிருந்த வில்லையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா எல்லாவற்றையும் துப்பியிருக்கிறாள். அப்படியென்றால் நான் நிஜ மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் துப்பித்தான் இருப்பாள். அப்படியென்றால் அவளுக்கு வீங்கியது என்னால் இல்லை. நான் அவளை ஏமாற்றியதுபோல் அவளும் என்னை ஏமாற்றியிருக்கிறாள், இரண்டும் சரியாகப் போயிற்று. கொஞ்சம் கோபம்கூட வந்தது, அத்தனை பாடுபட்டு நடுவில் கோடு போட்டிருக்கவே வேண்டாமே என்று. நைனா ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். முழுவதும் தின்றேன்.

நான்கு நாளில் அம்மா வீட்டுக்கு வந்தாள். மறுநாள் விடியற்காலை, இருட்டில், என் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"மாத்திர எடுத்துக் குடு."

"நீயே எடுத்துக்கோயேம்மா. சின்னதுதான்."

"நீ குடு."

எழுந்து எடுத்துக் கொடுத்தேன். பெரியம்மாவும் மற்ற பெண்களும் வெளியே குரல் கொடுத்தார்கள். அம்மா அவர்களோடு பேசிக்கொண்டே கரைப் பக்கம் போனாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தூக்கத்தில் எழுப்புகிறாளே என்று எரிச்சலாக இருக்கும். நான் ஐந்தாவதோடு நின்று மில்லுக்குப் போன பிறகும், மீசை முளைத்த பிறகும், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மார்கழியில் அவளுடைய இருதயம் நின்றுபோனது. அந்த ஒன்பது வருடத்தில் சாக்பீஸைப் பற்றி நானும் சொல்லவில்லை. துப்பியதைப் பற்றி அவளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என் கணக்குத் தப்பாகிவிடும் என்று உள்ளே எங்கேயோ தெரிந்திருக்கலாம்.

போன வருடம் எனக்குக் கால் வீங்கியது. பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொல்லி அதே சின்ன வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை. முதல் நாள் காலை போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து போக வேண்டியிருந்தது. வந்து உட்கார்ந்தேன், மறுபடியும். மூன்றாவது தடவை உள்ளே நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மாத்திரை உள்ளே போனதா இல்லையா என்பதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்கே தெரியும். இரண்டு மாதம் தினம் இதைப் போட்டுக்கொண்டவளுக்கு, முதல் நாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும்.

நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள். சாக்பீஸ் நாக்குக்கு அடியில் நிற்காது, கரைந்து மாவாகிவிடும். அவள் துப்பவில்லை. பதினோரு நாளும் என் கையிலிருந்து வாங்கி, தம்ளர் காலியாகும்வரை குடித்து விழுங்கினாள். மாத்திரை சரியாக உள்ளே போகிறதா என்று நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.